ஆடு காட்டிய கிணறு

எங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரை யாராவது ஒரு சொல் குறைத்துப் பேசினால், அந்தக் காலத்தில் நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு சண்டைக்குப் போய்விடுவேன். சாயல்குடிச் சந்தையில் ஒருத்தி, "உங்க ஓடைவலசைத் தண்ணி லேசா ஆட்டு வாடை அடிக்குமாமே?" என்று கேட்டுவிட்டாள். பேரம் பேசி முடித்து மடியில் கட்டிய வெங்காயத்தை அவள் கூடையிலேயே திரும்பக் கொட்டிவிட்டு வந்தேன். கோபம் எனக்கு மூக்கு நுனியில் இருக்கும். இப்போதும் அங்கேதான் இருக்கிறது, மூக்குத்தான் சுருங்கிவிட்டது.

அந்தப் பெருமை சும்மா வந்ததில்லை. சுதந்திரம் வந்து சில வருஷத்தில் சோணைமுத்துவுக்கு வாழ்க்கைப்பட்டு நான் ஓடைவலசைக்கு வந்தபோது, ஊரில் இருந்ததெல்லாம் உப்புக் கிணறுகள். சோறு பொங்கினால் வேகாது, சோப்புப் போட்டால் நுரைக்காது. குடிக்கிற தண்ணீருக்குக் கடற்கரை மணல்மேட்டுக்குப் போக வேண்டும். அங்கே கை நீளத்துக்கு மணலைத் தோண்டினால் நல்ல தண்ணீர் கசியும். ஊத்து என்போம். அவசரப்பட்டு ஆழமாகத் தோண்டினால் கடல் தண்ணீர் ஏறிவிடும். குழிக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கசியக் கசியத் தேங்காய்ச் சிரட்டையால் மோந்து ஊற்ற வேண்டும். குடம் நிறைவதற்குள் பொழுது ஏறி, இடுப்பு விட்டுப் போகும். இந்த ஊரில் என்னைக் கட்டிக்கொடுத்த எங்கள் அய்யாவை வழிநெடுகத் திட்டிக்கொண்டே வீடு வந்து சேர்வேன்.

பிறகு ஒரு வருஷம் மழை அடியோடு பொய்த்தது. ஊருக்குக் கிழக்கே ஒரு பொட்டல். பாட்டன் பூட்டன் காலத்திலிருந்து ஆட்டுக்கிடை போடுகிற இடம். ஊர் ஆடுகள் எல்லாம் ராத்திரி அங்கேதான் அடைந்து கிடக்கும். சுற்றுவட்டாரமே கருகிக் கிடந்த அந்தக் கோடையில், கிடையின் ஓரத்தில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் புல் பச்சையாக நின்றது. ஊர் ஆடுகளை மேய்த்த மூக்கையாவின் கிழட்டு ஆடு ஒன்று அந்த இடத்தைக் காலால் பறித்துப் பறித்துப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்தது. மூக்கையா தலைகால் புரியாமல் ஓடிவந்து ஊரைக் கூட்டினான். ஆண்பிள்ளைகள் கடப்பாரையோடு போனார்கள்.

தண்ணீர் வந்தது. அள்ளி வாயில் வைத்தால் அப்படி ஒரு தித்திப்பு. பெண்கள் எல்லோரும் குலவை போட்டோம். நான் ஒரு படி மேலே போய் அந்த ஆட்டின் காலைத் தொட்டுக் கும்பிட்டேன். அன்றைக்கே ஊர் கூடிக் கருப்பசாமிக்கு ஒரு வாக்குக் கொடுத்தது: தண்ணீர் காட்டியது ஆடு, ஆகவே கிடையை அந்த இடத்தைவிட்டு ஒருநாளும் கிளப்புவதில்லை, காலையில் முதல் தண்ணீர் ஆடுகளின் தொட்டிக்கு, அதற்குப் பிறகுதான் மனுஷருக்கு. கிணற்றைச் சுற்றிப் புழுக்கை கணுக்கால் உயரம் கிடக்கும். அதை மிதித்துக்கொண்டுதான் நீர் இறைப்போம். யாரும் முகம் சுளித்ததில்லை. சாமிக்குக் கொடுத்த வாக்கு அல்லவா?

அந்தக் கிணற்றுத் தண்ணீர் ஓடிய வாய்க்கால் ஓரத்தில் மிளகாய் நட்டால் இலை கருகருவென்று வெற்றிலை அகலத்துக்கு வரும். மற்ற ஊர்ச் செடிகளெல்லாம் சோகை பிடித்து நிற்கும். "தண்ணியிலயே சத்து இருக்குடி" என்பார் என் மாமியார் ராமலெட்சுமி. அத்தை என்று கூப்பிடுவேன். மனசுக்குள் கூப்பிடுகிற பேர்கள் வேறு. அத்தை சொன்னதில் நான் முழுமனதாக ஒத்துக்கொண்டது அந்த ஒன்றைத்தான்.

கிணறு வந்த மறு வருஷம் என் கொழுந்தன் கூத்தையாவுக்குக் கருத்தம்மாள் வாழ்க்கைப்பட்டு வந்தாள். நயினார்கோவில் பக்கத்துப் பெண். பேர்தான் கருத்தம்மாள், ஆள் மஞ்சள் கிழங்கு நிறம். அதிர்ந்து பேசமாட்டாள். நான் பத்து வார்த்தை பேசினால் அவள் ஒன்று பேசுவாள், அந்த ஒன்று என் பத்தையும் கவிழ்த்துவிடும். ஓரகத்திகள் என்றால் அடித்துக்கொள்ள வேண்டும் என்பது ஊர் வழக்கம். எங்களுக்கு அது வாய்க்கவில்லை. ஒரே குடத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கி, பாதித் தண்ணீரைச் சிரித்தே சிந்திக்கொண்டு வருவோம். அத்தை வாசலில் நின்று, "ரெண்டு கழுதைக்கும் பல்லு சுளுக்கிக்கிச்சா?" என்று கத்துவார்.

அவளுக்குத் தலைப்பிள்ளை ஆண்பிள்ளை. பிரசவத்தோடு அவளுக்குக் காய்ச்சல் கண்டு பால் வற்றிப்போனது. என் பிள்ளை அதற்கு முன்பே பால்குடி மறந்திருந்ததால் என்னிடமும் பால் இல்லை. பிள்ளையை அத்தை வாங்கிக்கொண்டார். அதில் ஒரு குறை சொல்லமுடியாது. ஆட்டுப்பால் பாதி, ஆட்டுக்கிணற்றுத் தண்ணீர் பாதி. தண்ணீரைப் புதுச்சட்டியில் ஊற்றிப் பாதியாகச் சுண்டும்வரை காய்ச்சி, ஆறவைத்து, பிள்ளையை மடியில் போட்டுச் சங்கில் ஊட்டுவார். "குடி என் ராசா, இது நம்ம சாமி கொடுத்த தண்ணி" என்று கொஞ்சுவார். அத்தைக்கு அப்படி ஒரு குரல் உண்டென்று அதுவரை எனக்குத் தெரியாது.

கொஞ்ச நாளில் பிள்ளையின் உதடு, நாவற்பழம் தின்ற வாய் மாதிரி ஆனது. பிறகு விரல் நுனி, நகக்கண். உடம்பு சுடவில்லை, வயிறு கழியவில்லை. துவண்டு துவண்டு படுத்தான், அழக்கூடத் தெம்பில்லை. கருவாப்பு என்றார்கள், பாம்பு காற்று என்றார்கள். கயிறு கட்டினார்கள், சூடு போட்டார்கள். ஒரு மத்தியானம் அத்தை மடியிலேயே அடங்கிவிட்டான்.

துக்கம் கேட்க வந்தவர்களிடம் அத்தை பொரிந்து தள்ளினார். "ஊருக்கே ஆகுற தண்ணி, ஊருக்கே ஆகுற பாலு. இந்தா, மூத்தவ பிள்ளை குண்டுக்கல்லாட்டம் உருளுது. இவ பிள்ளைக்கு மட்டும் ஆகலைன்னா என்ன அர்த்தம்? இவ வயித்துலதான் கோளாறு. இன்னொண்ணும் இப்படிப் போச்சுன்னா என் மகனுக்கு வேற இடம் பாத்துருவேன், ஆமா."

கருத்தம்மாள் மூலையில் உட்கார்ந்து தரையைக் கீறிக்கொண்டிருந்தாள். என் பிள்ளையை உதாரணம் காட்டியதும் அவனை வெடுக்கென்று தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். என் பிள்ளை என் பாலைக் குடித்து வளர்ந்தவன். அதுதான் வித்தியாசம் என்று அன்றைக்கு யாருக்குத் தோன்றும்?

அடுத்தது பெண். சேதுலட்சுமி என்று பேர் வைத்தோம். மறுபடியும் கருத்தம்மாளுக்குப் பால் ஊறவில்லை. கீரை, பூண்டு, கருவாடு என்று எதையெல்லாமோ தின்னக்கொடுத்தோம். என்னிடமும் இல்லை. மறுபடியும் சங்கு, மறுபடியும் சுண்டக் காய்ச்சிய தண்ணீர். இந்த முறை ஊட்டியவள் கருத்தம்மாள். ஒரு நாள் குளிப்பாட்டும்போது பிள்ளையின் பாதத்தைத் திருப்பிப் பார்த்தவள், என்னைக் கூப்பிட்டாள். பாதம் சாம்பல் நீலமாக இருந்தது.

"அக்கா, இங்கன பாருங்க. அதே மாதிரி வந்துருச்சு."

அவள் அழவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. பிள்ளையைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு, யாரிடமும் கேட்காமல் இரண்டு பேரும் சாயல்குடிக்கு ஓடி, பஸ் பிடித்து, ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

அங்கே ஒரு லேடி டாக்டர். சின்ன வயசு. பிள்ளையைப் பார்த்ததும் இதயத்தில் ஓட்டை இருக்கலாம் என்று சந்தேகப்பட்டு அங்கேயே வைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரிப் பாலையும் ஆஸ்பத்திரித் தண்ணீரையும் குடித்துப் பிள்ளை தன்னாலேயே சிவந்துபோனது. கையைக் காலை உதைத்துக்கொண்டு என் முகத்தில் ஒன்றுக்குப் போனது. கருப்பசாமி காப்பாற்றினார் என்று வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீட்டில் சில நாள் இருந்ததும் மறுபடி நீலம் பாரித்தது. மறுபடி பஸ்.

இந்த முறை டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு எங்கள் எதிரில் உட்கார்ந்துவிட்டார். என்ன பால், யார் ஊட்டுவது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். கடைசியில், "தண்ணி எங்கேருந்து எடுக்கிறீங்க?" என்றார்.

கேட்டது நல்ல ஆளிடம். கிணற்றின் கதையைக் குலவை உட்பட முழுக்கச் சொன்னேன். டாக்டரம்மா முகம் மாறியது.

"கிணத்தைச் சுத்தி ஆடு படுக்குமா? எத்தனை வருஷமா?"

"எத்தனை வருஷமா! எங்க மாமனாரோட பாட்டன் காலத்துலேருந்து."

"அங்கதான் கோளாறு. புழுக்கையும் மூத்திரமும் மண்ணுல ஊறி ஊறி, ஒரு வகை உப்பா மாறி, மழையோட கீழ இறங்கித் தண்ணியில கலந்துருக்கும். நைட்ரேட்னு சொல்லுவாங்க. நாக்குக்குத் தெரியாது. செடிக்கு அது உரம். பெரியவங்களுக்கு இப்படிப் பண்ணாது, தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கும் பண்ணாது. கைக்குழந்தைக்குத் தண்ணியா உள்ள போச்சுன்னா ரத்தத்தைக் கெடுத்துடும். மூச்சு விட்டாலும் காத்து உடம்புல சேராது. அதான் நீலம்."

எனக்கு ஏறியதே கோபம்! "டாக்டரம்மா, நீங்க படிச்சவுக, வாஸ்தவம். அதுக்காக எங்க சாமித் தண்ணிய மூத்திரம்னு சொல்லுவீகளோ? எங்க அத்தை என்ன, பச்சத்தண்ணியவா கொடுக்குறாக? பாதியாச் சுண்டுற வரைக்கும் காய்ச்சுறோம்!"

அவர் கோபப்படவில்லை. "குழம்பைச் சுண்ட வச்சா உப்புக் குறையுமா, கூடுமா?" என்று கேட்டார்.

கூடும். தினமும் குழம்பு வைக்கிற எனக்கு இது தெரியாதா?

கருத்தம்மாள் பிள்ளையை மடியில் சரித்துக்கொண்டாள். இப்போது ஒன்றே ஒன்று கேட்டாள். "தண்ணிய மாத்துனா பிழைச்சுக்குமா?"

"நான் புத்தகத்துலதாம்மா படிச்சிருக்கேன். நேர்ல பாக்கிறது இதுதான் முதல் தடவை. ஆனா இங்க வந்தா தேறுது, அங்க போனா நீலமாகுது. மாத்திப் பாரு. உப்பில்லாத நல்ல தண்ணி, ஆடு மாடு அண்டாத தண்ணி."

பிறகு பிள்ளைக்கு ஒரு ஊசி போட்டார். மருந்தைப் பார்த்தால் அசல் நீலம்! "நீலம் பாரிச்ச பிள்ளைக்கு நீல மருந்தா, அடி ஆத்தி!" என்று நான் கத்தியதில் வார்டே திரும்பிப் பார்த்தது. கண்ணெதிரே பிள்ளையின் உதடு வெளுத்து, பிறகு சிவந்தது. அப்புறம் அது நனைத்த துணியெல்லாம் பச்சை நீலம். வீட்டில் அத்தை அந்தத் துணியைப் பார்த்து மாரில் அடித்துக்கொண்டது தனிக்கதை.

திரும்பும் பஸ்ஸில்தான் எனக்கு அது உறைத்தது. தண்ணீர்தான் காரணம் என்றால் தலைப்பிள்ளையைக் கொன்றதும் அந்தத் தண்ணீர்தான். சுண்டச் சுண்டக் காய்ச்சி ஊட்டியது யார்? வயிற்றில் கோளாறு என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது யார்? அத்தையின் முகத்துக்கு நேரே இதை என்றைக்காவது போட்டு உடைக்காவிட்டால் நான் சண்முகவள்ளி இல்லை என்று மனசுக்குள் சத்தியம் செய்துகொண்டேன். கருத்தம்மாள் பிள்ளையை மாரோடு அணைத்தபடி ஜன்னலுக்கு வெளியே உடைமரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டில் பூகம்பம். "ஊத்துக்குப் போகப் போறீகளா? வாசல்ல தேனாட்டம் கிணறு இருக்க, கடலுக்குப் போயி அள்ளிட்டு வந்தா ஊரு காறித் துப்பாது? சாமி சும்மா விடுமா?" என்று அத்தை ஆடினார். கிடையை மாற்றலாமே என்று என் வீட்டுக்காரர் ஊர்க்கூட்டத்தில் மெல்ல ஒரு பேச்சு எடுத்தார். மூக்கையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஆட்டைக் கிளப்பணும்னா மொதல்ல என்னைப் புதைச்சுட்டுக் கிளப்புங்க" என்றான். ஊரும் சிரித்துக் கலைந்தது.

மறுநாள் விடியலில் கருத்தம்மாள் குடத்தை எடுத்தாள். நானும் எடுத்தேன். கூத்தையா வாசலில் நின்றான். அம்மாவுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட ஆண்பிள்ளையின் முழி அவனிடம் இருந்தது. "ஏலே, வழியை விடு" என்றேன். விலகினான். சில நாள் கழித்து, பழைய ஊத்துக்குழியைத் தூர்த்து மூடியிருந்த மணலை அவனே வந்து வாரிவிட்டுப் போனான்.

எந்த வழியில் அய்யாவைத் திட்டிக்கொண்டு நடந்தேனோ, அதே வழி. ஆனால் அந்த மாதங்களைப் போல என் ஆயுசில் நான் சந்தோஷமாக இருந்ததில்லை. காலில் ஈரமணல், பனங்காட்டுக்குள் விடியும் வெளிச்சம், பக்கத்தில் கருத்தம்மாள். ஊத்தில் கடற்கரைக் குடியிருப்புச் சபியாவும் தண்ணீர் அள்ள வருவாள். அவள் மாப்பிள்ளை கொழும்பில் கடை வைத்திருந்தார். முதல் நாள், முறை யாருக்கு என்று நான் அவளிடம் மல்லுக்கு நின்றேன். கருத்தம்மாள் மெதுவாக, "கைப்பிள்ளைக்குத் தண்ணி" என்றாள். சபியா உடனே சிரட்டையை அவளிடம் நீட்டிவிட்டாள்.

"பச்சப் புள்ளைக்குன்னு முதல்லயே சொல்லக் கூடாதா ராத்தா? நீங்க அள்ளுங்க. அல்லாஹ் அதுக்கு நீண்ட ஆயுசைக் கொடுப்பான்" என்றவள், என்னைப் பார்த்து, "இந்த ராத்தா மூஞ்சியைப் பாத்தா ஊத்தே பயந்து வத்திரும் போலயே!" என்றாள். கருத்தம்மாள் சிரித்த சிரிப்பில் அள்ளிய தண்ணீர் திரும்பக் குழிக்குள் விழுந்தது. தலைப்பிள்ளை போன பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு மூன்று பேரும் சேர்ந்தே உட்காருவோம். தண்ணீர் கசிகிற வேகத்துக்குத்தான் பேச்சும். சபியா கொழும்புச் சமாச்சாரம் சொல்லுவாள், நான் மாமியார் மாதிரி நடந்து காட்டுவேன். ஐப்பசியில் கடல் ஏறி ஊத்தை மூடியபோது, கூத்தையாவின் வெள்ளை வேட்டியை முற்றத்தில் நாலு மூலையும் இழுத்துக் கட்டி, நடுவில் ஒரு கூழாங்கல்லைப் போட்டு, மழைத்தண்ணீரைக் குடத்தில் பிடித்தோம். நனைந்து நடுங்கிக்கொண்டு அந்தக் குடத்துக்கு இரண்டு பேரும் காவல் நின்றோம். இப்போது குழாயைத் திருகும்போதெல்லாம் எனக்கு அந்தச் சிரட்டைச் சத்தம் கேட்கிறது. கருத்தம்மாளும் இல்லை, சபியா எங்கே இருக்கிறாளோ தெரியாது.

சேதுலட்சுமி தேறினாள். உதடு சிவப்பு, பாதம் சிவப்பு, அழுதால் மூன்று வீட்டுக்குக் கேட்கும். தவழ்ந்தாள், பல் முளைத்தது, சோறு தின்னத் தொடங்கினாள். அத்தை முதலில் பிள்ளையைத் தொடவே இல்லை. தூரத்தில் உட்கார்ந்து பாதத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். நீலம் வருகிறதா என்று காத்திருக்கிறார் என நினைத்து நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

காதுகுத்து முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிய சாயங்காலம். முற்றத்தில் நாங்கள் மூன்று பேர்தான். பிள்ளை புதுக்கம்மலோடு அத்தை மடியில் ஏறி, அவர் மூக்குத்தியைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. அத்தை அதன் பாதத்தைக் கையில் ஏந்தினார். விரல் விரலாகத் தடவிப் பார்த்தார். பிறகு எங்களைப் பார்க்காமலே கேட்டார்.

"ஏத்தா கருத்து… அப்ப மூத்தவன்? அவனுக்கும் இந்தத் தண்ணிதானா? நான் ஊட்டுனேனே, அதா?"

பஸ்ஸில் செய்த சத்தியம் எனக்கு ஞாபகம் வந்தது. இதோ, அவர் வாயாலேயே கேட்டுவிட்டார். 'ஆமா அத்தை, நீங்கதான்' என்று சொல்ல வாயைத் திறந்தேன். கருத்தம்மாள் முந்திக்கொண்டாள்.

"இல்லத்தே. அவனுக்குக் காய்ச்சல்ல? உடம்பு நெருப்பாக் கொதிச்சுச்சே. மறந்துட்டீகளா?"

"காய்ச்சலா?"

"ஆமத்தே. காய்ச்சல்தான். அதுக்கு நீங்க என்ன செய்வீக?"

அத்தை அவளையே பார்த்தார். பிறகு பிள்ளையின் பாதத்தை முகத்தில் வைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதார். பிள்ளை அதை விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தது.

மறுநாள் ஊத்துக்குப் போகும் வழியில் கருத்தம்மாளைப் பிடித்து உலுக்கிவிட்டேன். "உனக்குச் சூடு சொரணை இருக்காடி? அந்தப் பிள்ளைக்கு எங்கடி காய்ச்சல் அடிச்சுச்சு? ஐஸாட்டம் கிடந்தான், நான் தொட்டுப் பாத்தேன்! உன் வயித்தைச் சொல்லிச் சொல்லி உன்னை நடைப்பிணமாக்குனாக. அவுகளே கேட்கும்போது சொல்றதுக்கென்ன? எதுக்குடி பொய் சொன்ன?"

அவள் குடத்தை இடுப்பு மாற்றிக்கொண்டு நடந்துகொண்டே சொன்னாள்.

"நான் காய்ச்சல்ல படுத்துக் கிடந்தேன்லக்கா, அப்ப அவுக ஊட்டுறத பாத்துக்கிட்டேதான் கிடப்பேன். ஒவ்வொரு சங்கும் வாயில வச்சு சூடு பாத்துட்டுத்தான் கொடுப்பாக. என் பிள்ளைய என்னைவிட அவுகதான் அதிகநேரம் மடியில வச்சிருந்தாக. அவன் பேர் சொல்லி அழ, அவுகளை விட்டா எனக்கு யாரு இருக்கா?"

நான் குடத்தை மணலில் இறக்கிவைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவள் எனக்குப் பக்கத்தில் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "எந்திரிங்கக்கா, பிள்ளை முழிச்சுக்கும்" என்று என் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள்.